கல்லாறு வழி சுவிட்சர்லாந்து

இதனால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் சகல வியாபாரப் பெருமக்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும், சுமைதூக்கும் தோழர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆணி, தாழ்ப்பாள், கதவுக் கீல் ஆகியவற்றின் மொத்த வியாபாரியும், நம் சங்கத்தின் துணைத்தலைவருமான பெருமதிப்புக்குரிய வேதமாணிக்கம் அவர்கள், தம் துணைவியார் ராஜபாய் அம்மையாருடன் சுவிட்சர்லாந்து நாட்டுக்கு நல்லெண்ணப் பயணம் மேற்கொள்கிறார்.

இந்த அறிவிப்பு பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸில், கோட்டு போட்ட வேதமாணிக்கத்தோடும் அவர் தோளை உரசிக்கொண்டு பறக்கும் ஒரு விமானத்தோடும் தெருமுனையில் நின்றது. அதில் ஒரே ஒரு தகவல் விடுபட்டிருந்தது. விசா இன்னும் வரவில்லை.

விமானம் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு. பாஸ்போர்ட்டுகள் இரண்டும் டெல்லித் தூதரகத்தில். இதையெல்லாம் சனிக்கிழமை மாலை, தம்பானூர் டிராவல்ஸ்காரர் ஸ்ரீஜித் கணினியைப் பார்த்தபடி சாவதானமாகச் சொன்னார்.

"டென்ஷன் வேண்டா அண்ணாச்சி. இந்த பேட்ச் போனா போகட்டும். அடுத்த சனிக்கிழம ரெண்டாவது பேட்ச் உண்டு. அதுக்குள்ள விசா கிட்டும். அதுல கேறிப் போலாம்."

"நாளைக்குப் பொன்னாடை போர்த்துகான்வ. அதுக்கு என்ன செய்ய?"

"அதுக்கு விசா வேண்டல்லோ."

சங்கத்தில் யார் கடல் தாண்டினாலும் வழியனுப்பு விழா ஞாயிற்றுக்கிழமைதான். கடை திறந்திருக்கும் நாளில் சாலையில் ஒருவர் இன்னொருவரைக் கைதட்டி அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை. மண்டபம் பேசியாயிற்று. பிரியாணிக்கும் சொல்லியாயிற்று.

"விசா வரல்லன்னு ஒரு வார்த்த சொன்னா என்னவாக்கும்? நாக்கு தேஞ்சா போவும்?" என்றாள் ராஜபாய்.

"ஃப்ளெக்ஸ் வச்சாச்சு ராஜபாய்."

அவரைப் பொறுத்தவரை அது முழுமையான பதில்.

ராஜபாய்க்கு நல்லெண்ணம், பொன்னாடை எதுவும் வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. பனியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனி மாதத்திலும் பனி கிடக்கும் மலை அங்கே உண்டு என்று ஸ்ரீஜித் சொல்லித்தான் இந்தப் பயணமே முடிவானது. மற்றதெல்லாம் சங்கம் சேர்த்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பொன்னாடைகள் விழுந்தன. தலைவர் வன்னியராஜ் கடல் கடந்த சோழர்களில் தொடங்கி ஐம்பது நிமிஷம் பேசி, மூன்றங்குல ஆணியில் கொண்டுவந்து நிறுத்தினார். முடித்த கையோடு, "விமான நிலையத்துக்கு மூணு வேன்ல எல்லாரும் வாறோம்" என்று ஒரு குண்டையும் போட்டார்.

வேதமாணிக்கம் அவசரமாக எழுந்தார். "ஃப்ளைட்டு இங்கேயிருந்து இல்ல தலைவரே. கொச்சியிலேயிருந்து. நாங்க கார்ல போயிடுகோம். போனும் ஆஃப் பண்ணிருவேன், ரோமிங்கு கொள்ளையடிப்பான். வாட்ஸ்அப்ல மட்டும் பேசுவேன்."

பெட்டிகளை வாடகைக் காரில் ஏற்றியவர் கடை மேனேஜர் உச்சிமாகாளி. வள்ளியூர்க்காரர். இருபத்திரண்டு வருஷமாகக் கடையில் இருக்கிறார். "சாமி புண்ணியத்துல நல்லபடியா போயிட்டு வாங்க முதலாளி. கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கார் பட்டம் சந்திப்பைத் தாண்டும்வரை கொச்சிக்குப் போகிற கார் போலவே போயிற்று. பிறகு மனம் மாறி நெடுமங்காட்டுச் சாலையில் ஏறியது. விதுரா கடந்து, பொன்முடி மலையடியில் கல்லாற்றங்கரையில், ஹரிகுமார் என்பவரின் மூன்று அறைத் தங்குமிடத்தின் முன் நின்றது. முன்புறம் டீக்கடை, பின்புறம் ஆறு. அறைக்குள் வைஃபை வந்தது. தண்ணீர் சில நேரம் வந்தது.

"ஒரு வாரம். விசா வந்ததும் இங்கேயிருந்தே சுவிட்சர்லாந்து. பொய்யே உண்மையாயிடும்" என்றார் வேதமாணிக்கம்.

ராஜபாய் கட்டிலில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய கையுறைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஸ்ரீஜித் வாட்ஸ்அப்பில் அழைத்தார். தூதரகம் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறது.

"நீங்க இந்தியாவுக்குத் திரும்பி வருவீங்கன்னு ஒரு ப்ரூஃப் வேணுமாம், அண்ணாச்சி."

"போகவே இல்லியே. திரும்பி வாறதுக்கு என்ன ப்ரூஃபு குடுக்க?"

"ஊர்ல நீங்க வலிய ஆளு, எல்லாம் விட்டுட்டுப் போகமாட்டாருன்னு சங்கத்து லெட்டர்பேட்ல ஒரு லெட்டர் போதும். இன்னைக்குத் தன்னெ வேணும்."

வேதமாணிக்கம் யோசித்தார். இங்கே மதியம் என்றால் அங்கே காலை; நள்ளிரவு விமானம் இறங்கியிருக்கும். வெளியே சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்துக்கு வந்து நின்று, வன்னியராஜை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "குட் மார்னிங், தலைவரே!" என்றார்.

"அண்ணாச்சி! ஐரோப்பா எப்படி இருக்கு?"

"குளிரு. தலைவரே, இங்க ஓட்டல்ல ஒரு லெட்டர் கேக்கான்வ..."

அந்தச் சமயம் பார்த்து அரசுப் பேருந்து ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் கதவில் தொங்கியபடி, "விதுர! நெடுமங்ஙாடு! கேறிக்கோ, கேறிக்கோ!" என்று கத்தினார்.

வன்னியராஜ் காதிலும் அது விழுந்துவிட்டது.

"அது யாரு அண்ணாச்சி மலையாளத்துல?"

"கண்டக்டரு."

"அங்கயும் மலையாளியா!"

"அவங்க இல்லாத ஊரு உண்டுமா தலைவரே?"

வன்னியராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். திருவனந்தபுரத்தில் வாழ்பவர் எவரும் சந்தேகிக்க முடியாத பதில் அது. லெட்டரில் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் முத்திரையோடும் கையெழுத்தோடும் அனுப்பிவைத்தார். ஆங்கிலத்தில் இருந்த அதன் சாரம் இதுதான்:

'சுவிட்சர்லாந்து அரசுக்கு வணக்கம். மேற்படி வேதமாணிக்கம் அவர்கள் தற்சமயம் தங்கள் நாட்டில் வெற்றிகரமாகச் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருப்பதைச் சங்கம் பெருமையுடன் உறுதிப்படுத்துகிறது. அவர் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டாலும் அது தங்கள் நாட்டுக்குச் சிறப்பே.'

ஸ்ரீஜித் அதை இரண்டு முறை வாசித்தார்.

"அண்ணாச்சி, இது குடுத்தா விசா கிட்டாது. உங்களத் தேடி ஆளு வரும்."

கடைசியில் கடை லைசென்ஸையும், பழைய வரி ரசீதுகளையும், பேரூர்க்கடையில் இருக்கிற வீட்டின் பத்திரத்தையும் சேர்த்து அன்று மாலையே அனுப்பினார்கள். "முதல்லயே இத அனுப்பியிருக்கலாமே?" என்று ராஜபாய் கேட்டாள். ஆண்கள் இருவரும் அந்தக் கேள்வியைத் தனித்தனியாகக் கவனிக்காமல் விட்டார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் வாரம் அமைதியாகக் கழிந்திருக்கும். ஆனால் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், 'துணைத்தலைவரின் ஐரோப்பியப் புகைப்படத்தை ஆவலுடன் எதிர்நோக்குகிறோம்' என்று வன்னியராஜ் எழுதிவிட்டார். அதன் கீழே நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஜீப் பிடித்துப் பொன்முடி உச்சிக்குப் போனார்கள். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எந்த நாடு என்று யாராலும் சொல்ல முடியாது. ராஜபாயை ஸ்வெட்டரும் கையுறையுமாக ஒரு பாறை மேல் நிறுத்தினார் வேதமாணிக்கம்.

"சிரி."

"காலுல அட்ட கடிக்குது."

"கடிக்கட்டும். ஒரு நிமிஷம் சிரி."

"ஊருல உள்ளவன் பாக்கியதுக்கு என் ரெத்தமாக்கும் கிட்டிச்சு?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு, படத்தில் கடுங்குளிரில் சிரித்ததாகவே விழுந்தது. குழுவில் அறுபத்துமூன்று இதயங்கள் குவிந்தன. பின்னாலேயே வன்னியராஜின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, படம் பிரமாதம்! அப்படியே நம்ம பொன்முடி மாதிரி இருக்கு! பாத்த உடனே எல்லாருக்கும் ஆசை வந்துட்டு. வியாழக்கிழம பண்டிக லீவுதானே, ரெண்டு வேன்ல பொன்முடி போறோம். அங்க நின்னு உங்களுக்கு வீடியோ கால் போடுதோம். பொன்முடியும் சுவிட்சர்லாந்தும் நேருக்கு நேர்!"

வேதமாணிக்கம் அதை மூன்று முறை கேட்டார். ராஜபாய் காலில் உப்பு தேய்த்துக்கொண்டே ஒரே முறை கேட்டாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு இரண்டு வேன்களும் வந்தன. பொன்முடிக்குப் போகிற எவரும் டீ குடிக்க நிற்கிற இடம் கல்லாறு. கல்லாற்றில் அவர்கள் நின்றது ஹரிகுமாரின் டீக்கடை.

அறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வேதமாணிக்கம் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் உட்கார்ந்திருந்தார். ஹரிகுமார் கதவைத் தட்டினார்.

"சாரே, நிங்ஙளுடெ ஆளுகள் கொறே பேர் வந்நிட்டுண்டு. சாலையில உள்ளவராணு. விளிக்கட்டே?"

"கூப்பிட வேண்டா!" என்று தாழ்ப்பாள் ஓட்டை வழியாகக் கெஞ்சினார், தாழ்ப்பாள் மொத்த வியாபாரி.

ஆள் கண்டால் வெளியே வராமல், சத்தம் கேட்டால் பதுங்கி, அவ்வப்போது போனில் மதியத்தில் 'குட் மார்னிங்' சொல்லும் இந்த மனிதரைப் பற்றி ஹரிகுமார் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். திரும்பிப் போய் அதை மரியாதையாகச் சொல்லி, சத்தம் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

"உள்ளில் சுகமில்லாத்த ஒரு சாராணு. மனசுக்கு. ஒச்சை வைக்கண்டா."

வன்னியராஜ் இளகிய மனம் படைத்தவர். "ஐயோ பாவம்" என்று எழுந்துவந்து, மூடிய கதவின் முன் நின்று, முகம் தெரியாத அந்த நோயாளி விரைவில் குணமாக வேண்டும் என்று இரண்டு நிமிஷம் மௌனமாக வேண்டிக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கம் வேதமாணிக்கமும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் பொன்முடி உச்சியிலிருந்து ஏழு வீடியோ கால்கள் வந்தன. சுவிட்சர்லாந்து எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் ஸ்ரீஜித்தைக் குடைந்தெடுத்தார். பாஸ்போர்ட்டுகள் புதன்கிழமையே டெல்லியிலிருந்து கூரியரில் கிளம்பிவிட்டன என்று கணினி சொல்கிறது, அதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன் என்கிறது என்றார் ஸ்ரீஜித். விசா கொடுத்தார்களா மறுத்தார்களா என்பது கவரைப் பிரித்தால்தான் தெரியும்.

சனிக்கிழமை காலையும் கவர் வரவில்லை. "வழியில எவிடெயோ நிக்குந்நு" என்ற ஸ்ரீஜித், மாலையில் மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது பேட்ச் விமானம் ஏறிவிட்டது.

வேதமாணிக்கம் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். ராஜபாய் டீக்கடைக்குள் போய், "இதொன்னு தொறக்கட்டே?" என்று ஹரிகுமாரிடம் கேட்டு ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தாள். உள்சுவரில் விரலளவுக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்து, கரைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஹரிகுமார் நோயாளி ஒருவரா இருவரா என்று யோசித்தார்.

திங்கட்கிழமை காலை நாடு திரும்பினார்கள். வழியில் நகரத்துக் கடையொன்றில் வெளிநாட்டுச் சாக்லேட் மூன்று பெட்டி வாங்கிக்கொண்டார்கள். கடை வாசலில் மாலையோடு வன்னியராஜ் நின்றார்.

"அங்கயும் பொன்முடி மாதிரியேதானா அண்ணாச்சி?"

"ஒரு வித்தியாசமும் இல்ல தலைவரே" என்றார் வேதமாணிக்கம். அந்த வாரத்தில் அவர் பேசிய ஒரே உண்மை அது.

கூட்டம் சாக்லேட்டோடு கலைந்தது. வேதமாணிக்கம் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு மூச்சு நிம்மதியாக வந்தது. மானம் தப்பிவிட்டது. விசா கிடைக்காததுதான் குறை. அதற்கு அவர் என்ன செய்வார்? ஆள் தரம் தெரியாத தூதரகம்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்" என்றார் மெல்லிய குரலில். ராஜபாய் ஒரு சாக்லேட்டின் காகிதத்தை உரிக்கத் தொடங்கினாள்.

உச்சிமாகாளி இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். முகத்தில் ஒரு பெருமிதம், எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தது. யாரும் கேட்காததால் அவரே ஆரம்பித்தார்.

"முதலாளி, நீங்க இல்லாதப்ப இங்க ஒரு பெரிய ஏமாத்து வேல நடக்கப் பாத்துச்சு. நான் விடலல்லா."

"என்ன உச்சி?"

"வெள்ளிக்கிழம ஒரு கூரியர்காரன் வந்தான். கவர்ல உங்க பேரு, அம்மா பேரு, லைசென்ஸ்ல உள்ள நம்ம கடை விலாசம். பிரிச்சுக் காட்டுலேன்னேன். உள்ள ரெண்டு பாஸ்போர்ட்டு. உங்க போட்டோ, அம்மா போட்டோ, அச்சு அசலு. சுவிட்சர்லாந்து விசா வேற பளபளன்னு ஒட்டிக் கொண்டாந்துருக்கான், களவாணிப்பய."

ராஜபாயின் விரல்கள் சாக்லேட் காகிதத்தில் அப்படியே நின்றன.

"எங்க அது?" என்று எழுந்தார் வேதமாணிக்கம்.

"என்ன முதலாளி இப்படிக் கேக்கிய? ஆளு சுவிட்சர்லாந்துல இருக்கும்போ பாஸ்போர்ட்டு சாலைக்கு எப்படி வரும்? போலின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, டெல்லிக்கே திருப்பி அனுப்பிட்டேன்."