கழுவாத பத்துப் பேர்

உலகத்தில் எந்த ஆண்பிள்ளையும் பாத்திரம் கழுவுவதில்லை என்பதைப் புள்ளிவிவரத்தோடு நிரூபித்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவு கட்டினார். பிஸ்கட் தொழிற்சாலையில் சாம்பிள் பார்ப்பவர் அவர். அடுப்பிலிருந்து வரும் தட்டுகளில் பத்து பிஸ்கட்டை எடுத்துக் கடித்துப் பார்த்து அவர் தலையாட்டினால்தான் லாரி கிளம்பும். மாப்பிள்ளை பல்லாலேயே சம்பாதிக்கிறார் என்று மாமனாருக்குப் பெருமை.

முடிவுக்குக் காரணம் இருந்தது. மாலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க அவர் மனைவியைக் கூப்பிட்டிருந்தார்கள். பல வருஷமாக அவள் ஆசைப்பட்ட வேலை. ஆனால் அவள் போனால் ராத்திரிப் பாத்திரத்தை யாராவது கழுவ வேண்டும். வீட்டில் அந்த யாராவது அவர் ஒருவர்தான்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு டீக்கடையில் பத்துப் பேரை விசாரித்தார். தொட்டதே இல்லை என்று பத்துப் பேரும் அடித்துச் சொன்னார்கள். ஒருவர் கேள்வியே பிடிக்காமல், பதில் சொன்ன கையோடு எழுந்து போய்விட்டார். நம்மவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பத்துக்குப் பத்து. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க. நான் பத்து சோறு பாத்துட்டு வந்திருக்கேன்."

அவள் தட்டைத் துடைத்தபடியே கேட்டாள். "எங்க கேட்டீங்க?"

"டீக்கடையில."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு."

"எட்டு மணிக்குப் பாத்திரம் கழுவறவரு டீக்கடையில எப்படிங்க இருப்பாரு? வீட்டுலல்ல இருப்பாரு?"

அவர் கைகால் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் அந்தக் கேள்வி அவரோடு தொழிற்சாலைக்கும் வந்தது. பிஸ்கட் கருகியிருக்கிறது என்று அங்கே புகாருக்கு மேல் புகார். இன்னும் ஒன்று வந்தால் நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர் கடித்தவையோ எல்லாம் பொன்னிறம். அன்றுதான் தன் கையைக் கவனித்தார். அது பழக்கத்தில் எட்டுகிற நடுத்தட்டுக்கே போனது. ஓரத்துத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். கரி. அடுப்பில் சுவர்ப்பக்கம் சூடு ஏறிக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் சரிசெய்தார்கள். முதலாளி கைகுலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "என் பொழப்புல மண்ணு விழாம காப்பாத்திட்டம்மா" என்றபோது அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் நம்ம கணக்கெடுப்பையும் ஒழுங்காகச் செய்துவிடுங்கள் என்றாள் அவள். கட்டடத்தில் நாற்பது வீடு. எல்லாவற்றையும் தட்ட வேண்டாம், மாடிக்கு ஒன்றாக ஐந்து போதும். எந்த மாடியில் எந்தக் கதவு என்பதையும் அவளே சொல்லி அனுப்பினாள்.

ஐந்து கதவிலும் புருஷன்மார்களே வந்தார்கள். ஐந்து பேர் கையும் ஈரம். ஒருவர் கரண்டியோடு வந்தார். கடைசி ஆள் தோளைத் தட்டியதில் நுரை இவர் சட்டைக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது? தோற்றதை ஒப்புக்கொண்டு தொட்டிமுன் நின்றார். அவள் பள்ளிக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்துக்கு இன்னும் இரண்டு பானை கழுவலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

சில வாரம் கழித்து, பாத்திரம் தேய்க்கும் நார் வாங்கிக்கொண்டு படியேறும்போது அந்தக் கரண்டிக்காரர் எதிரே வந்தார்.

"நீங்க சேர்ந்தது நல்லதாப் போச்சு சார். இத்தனை நாளா இந்தக் கட்டடத்துலயே கழுவறது நாங்க அஞ்சு பேர்தான்."

அவர் மீதிப் படிகளை மெதுவாக ஏறினார். வாசலில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நாப்பது கதவுல அந்த அஞ்சை மட்டும் எப்படிம்மா புடிச்ச?"

"கைக்கு எட்டுனத எடுத்தேங்க. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்." பையைத் தோளில் போட்டாள். "குக்கர் அடிப்பிடிச்சிருக்கு. நடுவுல மட்டும் தேய்க்காம ஓரத்தையும் பாத்துத் தேய்ங்க."