கொக்கிப்புழுப் பிரசங்கத்துக்கு உரியவர் யார்

பலாங்கொடை,
1926 ஆகஸ்து.

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, பலாங்கொடைக் கடைவீதியில் ஜவுளிக்கடை நடத்தும் அ. பளீல் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தங்கள் தேக சுகத்தையும் அச்சுக்கூடத்தின் சுகத்தையும் ஆண்டவன் காப்பானாக.

சென்ற இதழில் 'சுகாதாரத் துரையின் தேன்மாரிப் பிரசங்கம்' என்று ஒன்றரைப் பத்தி போட்டிருந்தீர்கள். அது துரையுடையதன்று, என்னுடையது. துரை மலைத் தோட்டத்துக்கு வந்து, வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு ஏறும், செருப்புப் போடுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதைத் தமிழில் சொல்லத்தான் என்னை அழைத்திருந்தார்கள். வேலை விட்டு வந்த சனம் அதற்குள் எழுந்து நடக்கத் தொடங்கவே, துரைக்கு அவமானமாகிவிடுமே என்று நான் சற்று நீட்டினேன். எருமைக்குக் குளம்பு கொடுத்த ஆண்டவன் உங்களுக்குப் புத்தி கொடுத்திருக்கிறான் என்றதும், சர்க்கார் ஆளுக்கொரு சோடி செருப்பு கொடுக்கும் என்றதும் முழுக்க என் சரக்கு. கைதட்டல் கேட்டுத் துரையே எழுந்து தொப்பியைக் கழற்றினார். தங்கள் நிருபர் என் தமிழை எழுதிக்கொண்டு போய் அவர் பெயரைப் போட்டுவிட்டார்.

சர்க்கார் கச்சேரிக் கிளாக்கர் நாகலிங்கத்திடம் முறையிட்டேன். "அரசாங்க ஆள் மேடையில பேசினால் அது பொதுச்சொத்து காணும். ஆத்துத் தண்ணி மாதிரி, ஆரும் அள்ளலாம்" என்றார். தண்ணீர் பொதுதான், குடம் என்னுடையதல்லவா என்று கேட்டேன். அவர் சாப்பிடப் போய்விட்டார். வீட்டில் மனைவி றுகையாவோ, "வாயெ வெச்சிக்கிட்டு ஒங்களுக்குச் சும்மா இரிக்க ஏலாதா" என்கிறாள். எனக்கு மனம் ஆறவில்லை. இந்த வயது வரை என் பெயர் எழுதியிருப்பது கடைப்பலகையில் மட்டும்தான். ஆகையால் அந்தப் பிரசங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் பலாங்கொடைப் பளீலுடையது என்று அடுத்த இதழில் பெரிய எழுத்தில் போட வேண்டியது.

தங்கள் பேனாவிலும் குடும்பத்திலும் பரக்கத் உண்டாகட்டும்.

இங்ஙனம்,
அ. பளீல்

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் மலைத் தோட்டத்து ஜெயம்மா லயக் குடியிருப்புச் சனத்தைக் கூட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்கிறாள். "சர்க்காரு குடுக்கிற செருப்பு எங்கங்க? தொரையக் கேட்டா, அவரு அப்படிச் சொல்லவே இல்லையாம். அப்ப சொன்னது யாருங்க?" என்று கேட்கிறாள். நான் தங்கள் பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். எழுதியதைக் கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன், தாங்கள் கிழித்துவிடவும். பிரசங்கம் முழுவதும் துரையவர்களுடையதே. இடையில் நான் தும்மியிருந்தால், அதுவும் துரையின் தும்மலே.