பக்கவாட்டுத் தகப்பனார்

“ஓரமாப் போ. அம்புட்டு ஓரம் வேணாம், சாக்கடை இருக்கு. உள்ளுக்க வா. உள்ளுக்கன்னா நடுரோட்டுக்கா வரச் சொன்னேன்? பெல் அடி. நாய்க்கு எதுக்கு பெல்லு, அது படுத்துத்தானே கெடக்கு. குழி. குழிம்மா. ஏன் நிறுத்துனே? நிறுத்தாதே, பின்னால பஸ் வருது.”

பின்னால் பஸ் வரத்தான் செய்கிறது. தேவகோட்டை பஸ். வெகுநேரமாக அது மாட்டுவண்டி வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. முன்னால் செக்காலை ரோட்டின் இடது பாதியை ஒரு சைக்கிளும், அதை ஒட்டி ஒரு ஸ்கூட்டரும் அடைத்துக்கொண்டு போகின்றன. சைக்கிளில் பதினாறு வயதுப் பெண். ஸ்கூட்டரில் அவளுடைய அத்தா. டிரைவர் ஹார்னை அழுத்துகிறார். அத்தா கழுத்தைத் திருப்பி, பஸ்ஸை அதன் சக்கரத்திலிருந்து கூரை வரை ஒரு முறை பார்க்கிறார்.

“பிள்ளை போகுதுல்ல? கண்ணு தெரியலையா?”

வாசகரே, இவரை உங்களுக்குத் தெரியும். இவர் பக்கவாட்டுத் தகப்பனார். பிள்ளைக்கு முன்னால் போகிற தகப்பன்மார் உண்டு, பின்னால் போகிறவர்களும் உண்டு. இவர் இரண்டிலும் சேராதவர். பக்கத்தில் வருகிறவர். சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் ஸ்கூட்டர் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கும். அந்த ஒரு சாணை வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை கலையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமானால், கண்ணை ரோட்டிலிருந்து முழுக்க எடுத்துப் பிள்ளைமேல் வைத்தாக வேண்டும். வைத்துவிடுகிறார். ரோட்டை ரோடு பார்த்துக்கொள்ளட்டும்.

மேடு வந்தால் இடது காலை நீட்டி, சைக்கிளின் கேரியரில் ஊன்றி, ஆக்சிலேட்டரை முறுக்குவார். பெண் பெடலை மிதிக்கத் தேவையில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். திருப்பம் வந்தால் அவளுக்காக இவர் கை காட்டுவார். புத்தகப் பை இவருடைய இரண்டு காலுக்கும் நடுவில். சாப்பாட்டுப் பை கொக்கியில். ஆக, பிள்ளை சைக்கிளில் போகிறது. படிப்பு ஸ்கூட்டரில் போகிறது.

அப்படியானால் பிள்ளையையும் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொள்ளலாமே? கேட்டுத்தான் பாருங்களேன்.

“அதெப்புடிங்க? தன்னால சைக்கிள் ஓட்டுனாத்தான் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வரும்.”

இந்த இனத்தில் கிளைகள் உண்டு. கார்க் கிளை: கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, நான்கு மூலையிலும் விளக்கு மினுங்க, மகனின் சைக்கிளுக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருவார், புதிதாகப் பார்ப்பவர்கள் பையனை ஏதோ அமைச்சர் வீட்டுப் பிள்ளை என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். போன் கிளை: வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். ஐந்து விளக்கு முக்கு வருவதற்கு முன் ஒரு அழைப்பு, தாண்டியதும் ஒரு அழைப்பு. “எங்குட்டு வர்றே? ஏன் போனை எடுக்க இம்புட்டு நேரம்? சைக்கிள் ஓட்டிக்கிட்டே போன் பேசாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?” மொட்டைமாடிக் கிளை பெரும்பாலும் தாய்மார். தெருமுனை திரும்பும் வரை பார்ப்பார்கள். போக்குவரத்துக்கு அவர்களால் இடைஞ்சல் இல்லை. அவர்களை விட்டுவிடுவோம்.

முதலில் பார்த்தவருக்கு வருவோம். பெயர் முஜிபுர் ரகுமான். கல்லுக்கட்டிப் பக்கம் செல்போன் உதிரிக் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் பத்து வருஷம் ஷார்ஜாவில் இருந்தார். மகள் இன்ஷாவுக்குப் பால்பல் விழுந்ததையும், அவள் முதன்முதலாகச் சைக்கிளில் ஏறியதையும், ஏறிய சைக்கிளிலிருந்து விழுந்ததையும் உள்ளங்கை அகலத் திரையில் பார்த்தவர். விழுந்த பிறகு எழுந்தாளா என்பதை நெட் கட்டானதால் மறுநாள்தான் தெரிந்துகொண்டார். இப்போது முழு அளவில், பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பார்த்து முடிந்தபாடில்லை.

இன்ஷாவுக்கு வேண்டியது ஒன்றுதான். பிளஸ் ஒன்னில் வகுப்பு முழுக்க அரசாங்கச் சைக்கிள் வந்துவிட்டது. தோழிகள் கூட்டமாகப் போகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் பாதியில் விட்ட பேச்சை மறுநாள் காலை அதே திருப்பத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். இன்ஷாவோடு மட்டும் யாரும் சேருவதில்லை. அவள் பக்கத்து இடம் நிரந்தரமாக நிரம்பியிருக்கிறது. ஒரு தகப்பனாரை நடுவில் வைத்துக்கொண்டு யார் என்ன பேச முடியும்? அவளுக்குத் தனியாகப் போக வேண்டும்.

அதற்கு ஒரு வழி திறந்தது. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, மகர்நோன்புப் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பத்திரமாகச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று ஆரம்பித்தார்கள். நடத்துபவர் ஆரோக்கிய ஷீலா, ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பள்ளிக்கூடத்துக்குத் தானும் சைக்கிளில் போகிறவர். லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவில் புகாதே, திரும்புவதற்கு முன் தோளுக்கு மேல் ஒரு தடவை பார், கையை முழுசாக நீட்டு, குடைச்சல் கொடுக்கிற பிரேக்கை அன்றைக்கே சரிபண்ணு. இவ்வளவுதான் பாடம். கடைசி ஞாயிறன்று ரோட்டில் ஒரு தேர்வு. தேறிய பிள்ளைக்குக் கையில் கட்டிக்கொள்ள மினுங்கும் மஞ்சள் பட்டை. பட்டை கட்டிய பிள்ளையை வீட்டார் தனியாகப் போக விட வேண்டும். பெற்றவர்கள் கூட்டத்தில் இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒவ்வொருவரும் தலையாட்டியதில் அப்படி ஆகிவிட்டது.

கூட்டம் கலையும்போது டீச்சர் சொன்னார்: “தேர்வு அன்னைக்கு யாரும் அவுகவுக பிள்ளைகூட வரக் கூடாது. சொல்லிப்புட்டேன்.”

அன்று மாலை டீக்கடையில் முஜிபுர் ரகுமான், தன்னைப் போலவே மகன் அக்ஷயின் சைக்கிளோடு தினமும் பக்கத்தில் வரும் நிலத் தரகர் சேவுகப்பெருமாளைப் பார்த்தார்.

“டீச்சர் என்னண்ணே சொன்னாக? அவுகவுக பிள்ளைகூட வரக் கூடாதுன்னாக. அடுத்தவுக பிள்ளைகூட வரக் கூடாதுன்னு சொன்னாகளா?”

சேவுகப்பெருமாள் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “சொல்லலையே பாய்.”

“அப்ப நீங்க இன்ஷாவைப் பாத்துக்கங்க. நான் அக்ஷயைப் பாத்துக்கிறேன்.”

நல்ல யோசனை ஊரில் பரவுவதற்கு நாளாகும் என்று யார் சொன்னது?

தேர்வுக்குரிய ஞாயிற்றுக்கிழமை காலை பொட்டலிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பியது. எந்த ஸ்கூட்டரிலும் அந்தப் பிள்ளையின் தகப்பன் இல்லை. ஷீலா டீச்சர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

“என்ன இது, கல்யாண ஊர்வலமா?”

“எம் பிள்ளைகூட நான் போகலையே டீச்சர்” என்று ஒரு குரல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனது.

இன்ஷாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொந்த அத்தா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், “சும்மா வாங்கத்தா” என்று சொல்லலாம். சேவுகப்பெருமாளை என்ன செய்வது? அவர் சும்மா வருவது மரியாதை இல்லை என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தார். “பயாலஜியா பாப்பா, கம்ப்யூட்டரா? கணக்குல எம்புட்டு?” அவள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் “எழுபத்தெட்டு மாமா” என்றாள். கையை நீட்ட வேண்டிய இடத்தில் அவரும் கையை நீட்டினார். எதிரே வந்தவர், பாதி ஊர் தன்னை நிறுத்துகிறதென்று பயந்து வண்டியை ஓரம் கட்டினார்.

முஜிபுர் ரகுமான் அடுத்தவர் பிள்ளை என்பதால் கூடுதல் பொறுப்போடு நடந்துகொண்டார். அக்ஷய் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். தூரத்தில், இன்னும் பாதித் தெரு தள்ளி, புதுவயல் மில் லாரி ஒன்று நெல் மூட்டையோடு வந்தது.

“லாரி! தம்பி, லாரி!”

அக்ஷய் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். சைக்கிளும் சேர்ந்து திரும்பியது. வீடு கட்டுவதற்காக ரோட்டோரம் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலில் முன்சக்கரம் புதைந்து, பையன் அதன் மேல் மெல்லப் படுத்துக்கொண்டான். அடி ஒன்றுமில்லை. வாய் நிறைய மணல். லாரி அதற்குப் பிறகு நிதானமாக வந்து, பார்த்துவிட்டு, போனது.

பொட்டலில் வாக்குவாதம்.

“எம் பையனை இப்புடி விழ வச்சிட்டீகளே பாய்!”

“நான் எச்சரிக்கைதானேண்ணே பண்ணுனேன்? நீங்க எம் பிள்ளைகிட்ட மார்க்கு கேட்டுக்கிட்டு வந்தீகளாமே, அது எதுல சேத்தி?”

“பேச்சுத் துணைக்குக் கேட்டேன். பயந்துரும்ல?”

“அது எதுக்குப் பயப்படுது? நல்லா ஓட்டும்.”

சொல்லிவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தார். இன்ஷா கவனித்தாள்.

ஷீலா டீச்சர் தேர்வு செல்லாது என்றார். பட்டைகளைப் பையில் போட்டுக் கட்டினார். அப்போதுதான் இன்ஷா முன்னால் வந்தாள்.

“டீச்சர், இவுக கூட வரட்டும். ஆனா சைக்கிள்ல வரட்டும். எங்களுக்கு வச்ச தேர்வை இவுகளுக்கும் வைங்க. தேறுனவுக தினம் கூட வரட்டும், நாங்க ஒண்ணும் சொல்லலை. தேறாதவுக வீட்டுல இருக்கட்டும்.”

“ஒத்துக்கிறீகளா?” என்று டீச்சர் அத்தாவைக் கேட்டார்.

முஜிபுர் ரகுமான் சிரித்தார். “சைக்கிளா? நான் அரியக்குடிக்கு ரெண்டு பேரை வச்சு மிதிச்சவன் டீச்சர்.”

பந்தயத்தில் இன்ஷா என்ன வைத்தாள் என்பது உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அத்தா தேறிவிட்டால் பள்ளிக்கூடம் முடியும் வரை பக்கத்து இடம் அவருக்குத்தான். இனி தட்டிக் கேட்க முடியாது.

தகப்பன்மாருக்கு ரோடு வேண்டாம், பொட்டலே போதும் என்றார் டீச்சர். சுண்ணாம்புக் கோடு ஒன்று நீளமாகப் போட்டார். கோட்டின் மேலேயே போய், ஒரு தடவை தோளுக்கு மேல் பார்த்து, கை காட்டித் திரும்பி வர வேண்டும். சேவுகப்பெருமாள் முதலில் போனார். ஓரத்தில் நின்று மணலைத் துப்பிக்கொண்டிருந்த மகனைப் பார்த்துக்கொண்டே போனதில் கோட்டை எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்தவர் வளைந்து வளைந்து போய், எல்லாப் பக்கமும் பார்த்தார், முன்பக்கத்தைத் தவிர. இன்னொருவர் பேண்டு செயினில் மாட்டிக்கொண்டு, கிழிக்கவா வேண்டாமா என்று மனைவிக்குப் போன் செய்தார்.

முஜிபுர் ரகுமான் மகளின் சைக்கிளில் ஏறினார். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே ஓட்டினார். சக்கரம் கோட்டின் மேலேயே போயிற்று. பாதி தாண்டிவிட்டார். இன்ஷா கோட்டின் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் தேறப்போகிறார் என்று தெரிந்தது. அவள் முகம் சுண்டிப்போனது. அப்போது டீச்சர் போட்டுவைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று காற்றில் நகர்ந்து கோட்டுப் பக்கம் வந்தது. கோட்டுக்கு இன்னும் வெகுதூரம். அவர் பாட்டுக்குப் போயிருந்தால் தாண்டியிருப்பார்.

“அத்தா! பாத்து! நாற்காலி!”

கத்தியது இன்ஷாதான். வேண்டுமென்று கத்தவில்லை, வாய் தானாகக் கத்திவிட்டது. அத்தா உடனே அவள் பக்கம் திரும்பினார். சைக்கிளும் திரும்பியது. கோட்டை விட்டு, நேராக நாற்காலிகளின் நடுவே போய், ஒன்றை அவர் மடியில் ஏற்றிக்கொண்டு நின்றது.

அவர் கோபமாக இறங்கினார். “நீ ஏன் கத்துனே? நான் பாட்டுக்குப் போயிக்கிட்டுத்தானே இருந்தேன்? நீ கத்தலைன்னா நேராப் போயிருப்பேன்ல?”

தான் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பக் கேட்பவர்போல அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அவளிடம் கொடுத்துவிட்டு, விழுந்து கிடந்த நாற்காலிகளை எடுத்து அடுக்கினார்.

அதற்குப் பிறகு பிள்ளைகளின் தேர்வு மறுபடி நடந்தது. பக்கத்தில் யாருமில்லை. இன்ஷா தேறினாள். மணல் துப்பி முடித்த அக்ஷயும் தேறினான். தகப்பன்மார் பொட்டலிலேயே வரிசையாக உட்கார்ந்து, ரோடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஸ்கூட்டர் இல்லை, சைக்கிள் ஓட்டுகிற பிள்ளையும் இல்லை. இருக்கட்டும். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, எதிரே ஏதாவது வந்தால் இல்லாத பிரேக்கை உங்கள் வலது கால் எத்தனை தரம் மிதிக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப்பாருங்கள். வேறு யாரும் எண்ணாத இடமாகப் பார்த்து எண்ணுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. இன்ஷா பட்டையைக் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினாள். தெருமுனையில் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் பக்கம் பக்கமாகப் போனார்கள். அப்படிப் போகக் கூடாதென்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு லாரி ஹார்ன் அடித்தது. ஒருவர் பின் ஒருவராக ஆனார்கள். லாரி போன பிறகு மறுபடி சேர்ந்துகொண்டார்கள். முஜிபுர் ரகுமான் வழக்கத்துக்கு முன்பே கடையைத் திறந்தார். இரண்டு சார்ஜரும் ஒரு இயர்போனும் விற்றன. மதியம் வரை அவருக்குப் போன் எதுவும் வரவில்லை. அவரும் யாருக்கும் போன் செய்யவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள்.