வெள்ளைப் பூ எஞ்சின், சிவப்புப் பூ எஞ்சின்

எங்கள் வீட்டில் ஒரு காருக்கு இரண்டு எஞ்சின் இருக்கிறது. ஒன்று கீழே, காருக்குள். மற்றது வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிப் பல்கனியில், தலையில் ஒரு துளசிச் சாடியோடு. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தண்ணீர் கேட்பார்கள், பிறகு "அது என்னது?" என்று கேட்பார்கள். இதுவரைக்கும் ஆளுக்கொரு பதில் சொல்லிச் சமாளித்துவிட்டேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது வதனியின் தங்கை தர்ஷிக்குக் கல்யாணம் நிச்சயமாகி இன்னும் பதினான்கு நாள் இருந்தது. (வதனி என் மனைவி. இந்தக் கதையில் மூளை உள்ள ஆள்.) கல்கிசையில் மாமா வீட்டில் மணப்பெண்ணைக் கூட்டிவருகிற பொம்பிளைக் கார் பற்றிப் பேச்சு வந்தது. மாமா பூச்சோடித்த வாடகைக் கார் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமோ?

"என்ன மாமா, மருமோன் வெள்ளைக் காரோட நிக்கேக்க வெளிக் காரோ? தர்ஷியை நானே கூட்டிக்கொண்டு வாறன்."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே போன் எடுத்து வாடகைக் காரை வேண்டாம் என்றார். அந்த வெள்ளைக் காருக்கு வயது பத்தொன்பது. (வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை நிறுத்தியிருந்த காலம். உருளுகிற எதற்கும் கார் என்றுதான் பெயர்.)

அன்று பின்னேரமே, திரும்பி வரும் வழியில், தெகிவளைப் பாலத்துக்குக் கிட்ட வதனி சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, அந்தச் சூட்டு ஊசி மேல போகுது."

"வெய்யிலுக்கு அப்பிடித்தான் காட்டும்."

"இப்ப மணி ஆறரை. வெய்யில் எங்க?"

"பகல் முழுக்க வாங்கின வெய்யில்."

இதைச் சொன்னவன் கொள்ளுப்பிட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இருநூறு மீற்றர் தாண்டியிருக்க மாட்டோம். பொனற்றுக்குள் இருந்து இடியப்பம் அவிக்கிற மாதிரி ஆவி வந்தது. பிறகு டக, டக, டக என்று ஒரு சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. பின்னால் நின்ற பஸ் முழுவதும் எனக்கு இரண்டு மொழியில் புத்தி சொன்னது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கிறியள்," என்றாள் வதனி. "முன்னால நிக்கிற ஊசி தெரியேல்லை."

அதுதான் அவள் என்னோடு கதைத்த கடைசி வசனம். அதற்குப் பிறகு பிரிட்ஜோடுதான் கதைத்தாள். கதவைத் திறந்து, "சோறு மேசையில இருக்கு" என்று உள்ளே இருக்கிற கத்தரிக்காய்க்குச் சொல்லுவாள். நான் ரீவியைப் பார்த்து "சரி" என்பேன்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே நசீர் நானாவின் கராஜ். நானா எஞ்சினைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைத் துடைத்தார்.

"தம்பி, எஞ்சின் மௌத்து. உசிர் போய்ட்டு."

"நானா, இன்னும் ரெண்டு கிழமையில கல்யாணம். பொம்பிளை இதிலதான் வரவேணும்."

"ரெண்டு வழி ஈக்குது. இதையே கடைசல் வேலைக்குக் குடுத்து, புது பிஸ்டன் போட்டுக் கட்டலாம். ஒரு கிழம எடுக்கும், ஆனா உள்ளுக்கு என்ன ஈக்குதெண்டு தெரியும். இல்லாட்டி பஞ்சிகாவத்தையில ஜப்பான்ல ஓடின எஞ்சின் ஒண்ட வாங்கி மாத்தலாம். ரெண்டு நாள் வேல. ஆனா அத அங்க ஓட்டினவன் எப்படிப்பட்டவன் எண்டு நமக்குத் தெரியாது. அவனும் உங்கள மாதிரி ஊசி பாக்காத ஆளா ஈந்தா?"

"நீங்களே ஒண்டைச் சொல்லுங்கோ."

"நான் சொல்லிப் பிழைச்சா என்ன ஏசுவீங்க. நீங்க சொல்லிப் பிழைச்சா உங்களையே ஏசிக்கலாம். அதுதான் நல்லம்."

ஊரைக் கேட்டேன். சலூன்காரர் கத்தரிக்கோலை என் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "கட்டுங்க" என்றார். தேத்தண்ணிக் கடைக்காரர் "மாத்துங்க" என்றார். எங்கள் மாடிக் காவற்காரர் "விறகு வண்டி மாதிரி ஒண்டு வாங்கினா எஞ்சினே தேவையில்லை" என்றார். மூன்று நாள் போய்விட்டது. மாமா தினமும் போன் பண்ணி, காருக்கு மல்லிகை கட்டுவதோ ஓர்க்கிட் கட்டுவதோ என்று கேட்டார். நான் "ரெண்டும் வடிவுதான் மாமா" என்றேன்.

நாலாம் நாள் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். பூக் கட்டிப் பார்ப்பதென்று முடிவு. வெள்ளைப் பூ ஒரு கடதாசிச் சரையில், சிவப்புப் பூ ஒரு சரையில். வெள்ளை வந்தால் கட்டுவது, சிவப்பு வந்தால் மாற்றுவது. தாயோடு கும்பிட வந்த சின்னப் பெண்பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு சரையை எடுத்துத் தந்தது. வெள்ளை. எனக்குத் திருப்தி வரவில்லை. இன்னொருக்கா எடுக்கச் சொன்னேன். வெள்ளை. மூன்றாம் தரமும் சுருட்டத் தொடங்க, ஐயர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அவர் ரெண்டுதரம் சொல்லிப்போட்டார். எழுதித் தரவும் வேணுமோ?"

வாசலில் நின்றே நானாவுக்குப் போன் பண்ணினேன். "கட்டுங்கோ." வதனிக்குச் சொல்லவில்லை. பிரிட்ஜோடு கதைக்கிற மனிசியிடம் எப்படிச் சொல்லுவது?

அதே நாள் அதே பின்னேரம், பம்பலப்பிட்டியில் வேலை முடிந்து வந்த வதனி முருகன் கோயிலுக்குள் போயிருக்கிறாள். (நானா சொன்ன இரண்டு வழியையும் நான் போனில் ஊருக்கெல்லாம் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.) அவளுக்கும் அதே யோசனை, அதே இரண்டு பூ. 'இந்த மனிசன் கல்யாணம் முடிஞ்சுதான் முடிவெடுக்கும்' என்று அவள் நினைத்தாளாம். (நினைத்ததில் பிழையில்லை.) அவளுக்கு வந்தது சிவப்பு. அவளோடு வேலை செய்கிற சிங்கள நோனா ஒருவரின் கணவர் பஞ்சிகாவத்தையில் எஞ்சின் விற்கிறவர். உடனே சொல்லி வைத்து, நானாவின் கராஜுக்கு அனுப்பும்படி விலாசமும் கொடுத்துவிட்டாள். கப்பலில் வந்த பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியே வர ஒரு கிழமைக்கு மேல் ஆனது. அந்த ஒரு கிழமையும் நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் தனித்தனியே சிரித்துக்கொண்டு திரிந்தோம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முந்தி நானா போன் பண்ணினார்.

"தம்பி, ஒரு விஷயம் கேக்கணும். காருக்கு முன்னாலயும் பின்னாலயும் எஞ்சின் வெக்கிற யோசனை ஏதும் ஈக்குதா?"

நான் ஓட்டோவில் போய் இறங்க, இன்னொரு ஓட்டோவில் வதனி வந்து இறங்கினாள். கராஜ் நடுவில் நானா கட்டின எஞ்சின், எண்ணெய் பூசி மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வாசலில் லொறி. லொறிக்குள் மற்றது. சாரதி கடதாசியை நீட்டி, "நோனா தமய் கிவ்வே" என்று சிங்களத்தில் சொல்லி, அம்மாதான் சொன்னதென்று வதனியைக் காட்டினான்.

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு நான் என் மனைவியோடு நேரே கதைத்தேன்.

"ஆரைக் கேட்டு ஓடர் குடுத்தனீர்?"

"முருகனை. நீங்கள் ஆரைக் கேட்டனீங்கள்?"

"பிள்ளையாரை."

நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவங்க ரெண்டு பேரும் ஆரு?"

"அண்ணன் தம்பி," என்றாள் வதனி.

"அப்ப சரி. எங்கட வாப்பாட காணிக்கும் இதே கததான்."

லொறிக்காரன் திருப்பி ஏற்ற மாட்டேன் என்றான். கல்யாணம் நாளை மறுநாள். வதனியின் கண்ணில் தண்ணீர் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். "ரெண்டு எஞ்சின் இருந்தும் காருக்குள்ள ஒண்டும் இல்லை. தர்ஷி ஓட்டோவில வரப்போறாள். அப்பா தாங்க மாட்டார்," என்றாள்.

நானா கையிலிருந்த ஸ்பானர் சாவியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அழாதீங்க தங்கச்சி. புதுசாக் கட்டின எஞ்சின முதல்ல மெதுவாத்தான் ஓட்டணும். நாப்பதுக்கு மேல போனா கெட்டுரும். கல்யாணக் கார் எப்படியும் மெதுவாத்தானே போகும்? கட்டினத ஏத்துவம்."

வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அந்த மாம்பழத்திலயும் மெல்லமாச் சுத்தின பிள்ளையார்தானே வெண்டவர்."

கல்யாண நாள் காலி வீதியில் நான் ஓடின மாதிரி யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். முப்பதில் போனேன். ஓட்டோ முந்தியது, பஸ் முந்தியது, தலையில் பெட்டியோடு வடை விற்கிறவர் முந்தினார். பின்சீற்றில் பட்டுச்சேலையோடு தர்ஷி, "அத்தான், மாப்பிள்ளைக்கு நரைச்சிடும்" என்றாள். பக்கத்தில் இருந்த வதனி வீதியையே பார்க்கவில்லை. "ஊசி நடுவில, ஊசி நடுவில" என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்க மண்டப வாசலில் நிறுத்தினேன். மாமா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "தம்பி, என்ன மரியாதையா, ஊர்வலம் மாதிரிக் கொண்டந்தீர். வாடகைக் காரன் இப்பிடி ஓடுவானே?" நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். (வதனி இருமினாள்.)

முருகன் தந்த எஞ்சினை நானா கராஜில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார். நாலு பேர் தூக்கிப் பல்கனியில் வைத்தார்கள். விற்கப் பார்த்தேன், வதனி விடவில்லை. ஆயுத பூசைக்குக் கீழே ஒரு எஞ்சினுக்கும் மேலே ஒரு எஞ்சினுக்கும் சந்தனம் வைக்கிறோம்.

போன மாதம் பிரிட்ஜ் நின்றுபோனது. (அவ்வளவு கதை கேட்டால் எதுவும் நிற்கும்.) திருத்த வந்தவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதைத் திருத்துறதா, புதுசு வாங்கிறீங்களா?" என்றார். நானும் வதனியும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

மகனோடு வந்திருந்த தர்ஷி சோபாவில் இருந்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அத்தான், இந்தமுறை ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் போங்கோ."