நரம்பு மாமா கத்தரித்த மட்டை

திருச்சி ஜில்லாவில் யாருக்கு முழங்கை வலித்தாலும் அது முதலில் நரம்பு மாமாவுக்குத்தான் தெரியும், வலித்தவருக்கே அப்புறம்தான்.

எங்கள் கண்டோன்மென்ட் ஆபீஸில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த குமாஸ்தா அவர். வீடு ஸ்ரீரங்கத்தில். டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுவதில் அப்படியொரு பைத்தியம். பந்தை மட்டும் ஒருநாளும் அடித்ததில்லை. நரம்பு ஆட்டுக் குடலில் செய்தது. ஆகவே ஒவ்வொரு மட்டை முடிந்ததும் தீட்டுப் போகக் காவிரியில் ஒரு முழுக்கு. மார்கழிக் குளிரில் மூன்று மட்டை வந்தாலும் மூன்று முழுக்கு. "குடல்னு சொல்லாதேயும் ஓய், நரம்புன்னு சொல்லும்!" என்று பல் கிட்டிக்கச் சொல்வார்.

நான் அப்போது குமாஸ்தா கிளப்பின் ஒரே நம்பிக்கை. வக்கீல் கிளப் சாம்பியனிடம் மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பீரங்கி. அவர் மட்டையைப் பார்த்து நானும் மாமாவுக்குத் தெரியாமல் கடைக்காரனிடம் சொல்லி நரம்பை முறுக்காகக் கட்டிக்கொண்டேன். பந்து சொன்ன இடத்தில் விழுந்தது, வாஸ்தவம். ஆனால் நாலாவது வருஷம், பைனலுக்கு முதல் நாள், காபி டம்ளரைத் தூக்கக் கை வரவில்லை.

மாமா பார்த்துவிட்டார். என் மட்டையை வாங்கிக் காதருகே வைத்துத் தட்டினார். 'டிங்' என்றது.

"இது மட்டையா, மத்தளமா? அடி அத்தனையும் உம்ம முழங்கையிலன்னா இறங்கறது!"

சொல்லிக்கொண்டே ஆபீஸ் கத்தரிக்கோலை எடுத்து நரம்பு முழுவதையும் வெட்டிவிட்டார்.

"ஐயையோ, நாளைக்குப் பைனல் மாமா!"

"அதனாலதான் இன்னிக்கே வெட்டினேன்."

மறுநாள் மைதானத்தில் மட்டையைக் கொடுத்தார். புது நரம்பு, சற்றுத் தளர்வாக. கைப்பிடியில் தோல் இன்னொரு சுற்று. முதல் பந்தை அடித்தேன். வேலியைத் தாண்டி ஒரு ஜட்காவுக்குள் போய் விழுந்தது. குதிரை திரும்பி என்னைப் பார்த்தது. அந்த செட்டில் எனக்கு ஒன்று, பீரங்கிக்கு ஆறு.

"மாமா, என்னைக் கவுத்துட்டீங்களே!"

"கை வலிக்கறதா?"

அப்போதுதான் கவனித்தேன். வலிக்கவில்லை.

"பின்னே என்ன? தளர்ந்த நரம்பு தானே பந்தைத் தள்ளும் ஓய். நீர் பாதி வீசினா போதும். மீதியை அது பாத்துக்கும்."

பாதி வீசினேன். பந்து கோட்டுக்குள் அடங்கியது. இரண்டாவது செட் எனக்கு! மூன்றாவதில் பீரங்கி ஒவ்வொரு அடிக்கும் கையை உதற ஆரம்பித்தார். கடைசிப் பந்தை மெல்லத் தொட்டு மூலையில் வைத்தேன். அவர் பாதி தூரம் ஓடிவந்து, நின்று, வேடிக்கை பார்த்தார்.

குமாஸ்தாக்கள் போட்ட கூச்சல் உச்சிப் பிள்ளையாருக்கே கேட்டிருக்கும். என்னைத் தோளில் தூக்கினார்கள். மாமாவையும் தூக்கலாம் என்று தேடினால், அவரோ தோற்றுப்போன பீரங்கியின் நாற்காலி அருகே குந்திக்கொண்டு அவர் முழங்கையை அமுக்கிக்கொண்டிருந்தார். "இங்கேயா? இன்னும் கொஞ்சம் கீழேயா? ஞாயித்துக்கிழமை மட்டையை எடுத்துண்டு வாரும்."

இறங்கிப் போய்க் கோப்பையை அவரிடம் நீட்டினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

என் அப்பாகூட என்னை அப்படிப் பிடித்ததில்லை.