என் கல்யாணத்துக்கு மருமகள் சாட்சி

வட்டகொடை, இலங்கை
20.10.1957

மைத்துனராக இருந்து சம்பந்தியாகவும் ஆகிவிட்ட அழகுமுத்து அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை தம்பையா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் அக்கா ராக்காயி, என் மகன் சின்னராசா, உங்கள் மகள் பூரணி, நான், நால்வரும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே உங்கள் வீட்டாரும் ஆடுமாடுகளும் நல்ல மழை பெய்து சுகமாயிருக்க வேண்டுகிறோம். இங்கே பெய்கிற மழையில் பாதியை அனுப்ப வழியிருந்தால் இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருப்பேன்.

முதலில் நல்ல செய்தி. பூரணி மூன்று மாதமாகத் தலைமுழுகவில்லை. தேயிலை வாடை பட்டாலே வாந்தி எடுக்கிறாள். இந்த ஊரில் அந்த வாடை இல்லாத இடத்தை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது செய்தி, அவள் இங்கே இன்னும் ஒரு வருஷம் இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. அது கிடைத்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வைகாசியில் நீங்கள் கப்பலேற்றி அனுப்பிய பிள்ளைக்கு ஆறு மாத வீசா என்பதும், நவம்பர் முடிந்தால் அதே கப்பலில் திரும்ப வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு நாடு உள்ள ஆள் அவள் மட்டும்தான். எங்கள் மூவருக்கும் எந்த நாடு என்று மேலிடத்தில் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே அவளுடைய பாஸ்போட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் கைகழுவிவிட்டு வந்து பார்த்துப் போகிறார்கள். வீசாவை நீட்டிக்க அந்த வேலை பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனிதர். இரண்டு முறை திருப்பியனுப்பினார், இரண்டு முறையும் நாற்காலி கொடுத்து உட்காரவைத்துத்தான் திருப்பியனுப்பினார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் முன்னால் முப்பது வருஷம் நின்றே பழகிய எனக்கு உட்கார்ந்தபடி ஏச்சு வாங்குவது எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. முதல் தடவை கல்யாணப் படத்தைப் பார்த்தார். பூரணி நம் வழக்கப்படி தலைகுனிந்து நின்றதால் படத்தில் வகிடும் கனகாம்பரமும்தான் தெரிந்தன. "இது யார்னு எப்படி எழுதுறது?" என்று கேட்டார். நியாயம்தான். தலைநிமிர்ந்து இன்னொரு படம் எடுத்தோம்.

இரண்டாம் தடவை சின்னராசாவின் பிறப்புப் பத்திரத்தில் வந்தது வினை. பெற்றோர் மணமானவர்களா என்ற இடத்தில், இல்லை என்று இருக்கிறது. பிள்ளை பிறந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் கல்யாணம் பதிந்த துண்டு இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்று நான் உண்மையைச் சொன்னேன், அதை அப்படியே எழுதிவிட்டார்கள். உங்கள் ஊர் ஐயனார் கோயிலில் ஊரைக் கூட்டித் தாலி கட்டியதும், பத்து வயதில் நீங்கள் மாலை எடுத்துக் கொடுத்ததும் இங்கே யாருக்குத் தெரியும்? "இதுப்படி நீங்க முறையான தகப்பனே இல்ல, மருமகளுக்கு எப்படிப் பொறுப்பு நிக்கிறது? கல்யாணப் பத்திரத்தோட வாங்க" என்றார் அதிகாரி. ஆக, மருமகளை வீட்டில் வைத்துக்கொள்ள நான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

தலவாக்கலை ரெஜிஸ்தாரிடம் மனுக் கொடுத்தோம். ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று கதவில் எங்கள் பெயரை ஒட்டிவைத்தார். ஆட்சேபனை ஒன்றும் வரவில்லை, ஆனால் பஸ் பிடித்துப் போய்ப் படித்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். கல்யாணத்தன்று லயத்து வாசலில் தப்பு அடித்து வழியனுப்பினார்கள், உங்கள் அக்கா முக்காடு போட்டுக்கொண்டு என்னைவிட்டு இருபதடி தள்ளியே நடந்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது மகனும் மருமகளும். மாமியார் கல்யாணத்துக்குச் சாட்சி போட்ட மருமகள் இந்த மலைநாட்டில் உங்கள் மகள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ரெஜிஸ்தார், "இவரைக் கட்டிக்க முழுச் சம்மதமா?" என்று உங்கள் அக்காவைக் கேட்டார்.

"இப்பதான் கேக்குறீங்களாக்கும். இருபத்தொம்பது வருசமா யாரும் கேக்கலையே. இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது. அவள் பூரணியின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. பிறகு, "சரி, மருமகளுக்காக எழுதிக்கங்க" என்றாள்.

மூன்றாம் தடவை பத்திரத்தோடு போனேன். அப்பன் கல்யாணம் போன மாதம், மகனுக்கு வயது இருபத்தாறு என்று பார்த்ததும் அதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்த கையோடு முத்திரையைக் குத்திவிட்டார். அவர் குலம் தழைக்க வேண்டும். எல்லோரையும்விட உங்களுக்குத்தான் நான் கடமைப்பட்டவன். நாடே இல்லாத வீட்டுக்குக் கடல்தாண்டிப் பெண் கொடுக்க யாருக்கு மனசு வரும்? நீங்கள் கொடுத்தீர்கள். அவள் இந்த வீட்டில் சிரிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் எங்கள் அன்பும் ஆசியும். அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
தம்பையா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அதே கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பூரணிக்குக் கொடுத்த அனுமதியில் மாற்றமில்லையாம். ஆனால் இந்தியாவில் பிறந்து, போன மாதம் இங்கே புதிதாகக் கல்யாணம் செய்துகொண்ட ராக்காயி என்ற பெண் வீசா இல்லாமல் தங்கியிருப்பது எங்கள் கல்யாணப் பத்திரத்தால் தெரியவந்ததாம். நவம்பர் முப்பதுக்குள் ஊர் திரும்பி, முறைப்படி வீசா எடுத்து வரவேண்டுமாம். ஆகவே உங்கள் மகளை இங்கே வைத்துக்கொண்டு உங்கள் அக்காவை அங்கே அனுப்புகிறேன். அதிகாரிக்கு மேலே சொன்ன நன்றியை அடித்துவிடவும், நாற்காலிக்குச் சொன்னதை மட்டும் விட்டுவைக்கவும். அவள் திரும்பி வருவதற்கான விண்ணப்பப் பாரத்தை இப்போதே நிரப்பிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாள் தங்க உத்தேசம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"சாகுற வரைக்கும்னு எழுதுங்க" என்றாள்.

கட்டம் சிறியது. நெருக்கி எழுதிவிட்டேன்.