கோமாரியும் கிருகப்பிரவேசமும்

எனக்குப் பொறாமை அதிகம். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை; வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் அன்று எனக்கு இட்லி இறங்காது. (அது பழைய கார் என்று பிறகு தெரிந்தால் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.) ஆனால் இத்தனை வருஷப் பொறாமையில் ஒரே ஒரு தடவைதான் அது என்னை நடுத்தெருவில் நிறுத்தியது. டெக்ஸாஸ் ஃபிரிஸ்கோவில், மச்சான் வீட்டு வாசலில், சொந்தமெல்லாம் பார்க்க.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெப்பமண்டலத் தீவுகளில் ஆடு மாடு கோழிகளுக்கு என்ன நோய் வருகிறது, அதில் எது மனிதர்களுக்குத் தாவும் என்று கண்காணிக்கும் ஒரு நிறுவனத்தில் நான் கம்ப்யூட்டர்க்காரன். எங்கோ ஒரு தீவில் நாலு கோழி செத்தால் அங்கிருப்பவர்கள் போனில் தட்டிவிடுவார்கள். அது இர்விங்கில் எங்கள் அலுவலகத்தில் என் திரையில் ஒரு சிவப்பு வட்டமாக வந்து நிற்கும். வட்டத்தைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது, நிறம் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. உலகத்தின் அழகான தீவுகள் அத்தனையின் பெயரும் எனக்கு அத்துப்படி. ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

பார்ப்பது செந்தில். நாமக்கல்காரன், கால்நடை டாக்டர், என்னைவிட வயதில் சின்னவன். தீவுக்குப் போக வேண்டுமென்றால் அவனைத்தான் அனுப்புவார்கள். போய் இறங்கியதுமே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும்: நீலக் கடல், சாய்ந்த தென்னை, அதன் கீழே கூலிங் கிளாஸோடு இவன். 'பணியில்' என்று கீழே ஒரு வார்த்தை. இதில் கோழி எங்கே என்று நான் படத்தைப் பெரிதாக்கித் தேடுவேன்.

"செந்தில் எவ்ளோ ஊர் பாத்துட்டார் பாருங்க," என்பாள் என் மனைவி கவிதா. "நீங்களும் ஆபீஸ்ல ஒரு தடவை கேக்கலாம்ல?"

நான் கேட்டிருந்தேன். 'உனக்கு மாட்டுக்கு ஊசி போடத் தெரியுமா?' என்று மேலாளர் திருப்பிக் கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. (இதைக் கவிதாவிடம் நான் சொல்லவில்லை.)

இந்த நிலையில்தான் கவிதாவின் அண்ணன் பிரபு ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கினார். கிருகப்பிரவேசத்துக்கு ஈரோட்டிலிருந்து மாமியார் வந்து இறங்கினார். பசுமாடு முதலில் நுழையாமல், தான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதாக இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

"மாட்டுப் பொறுப்பு மாப்ளைதுங்க. அவருதான ஆடு மாடு ஆபீஸ்ல இருக்காரு."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பம் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது. மாடு நல்லபடியாக வந்து போனால் எனக்கும் அங்கே ஒரு மரியாதை வரும். இல்லாவிட்டால் ஆயுளுக்கும் எல்லா விசேஷத்திலும் ஐஸ் மூட்டை வாங்கி வருகிற ஆளாகவே இருந்துவிட வேண்டியதுதான்.

டெக்ஸாஸில் மாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கார்ப்பெட்டில் நடந்து வந்து, ஹோமப் புகைக்கு மிரளாமல், பொட்டு வைத்தால் பொறுமையாக நிற்கிற மாடு லேசில் கிடைக்காது. ஒவ்வொரு வார இறுதியிலும் கார் ஓட்டி அலைந்து, கடைசியில் டேவ் என்ற கிழவரைப் பிடித்தேன். பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய பெல்ட், வாயைத் திறந்தால் நாலு வார்த்தை. அவருடைய பசு ஏற்கெனவே எத்தனையோ இந்தியர்களின் வீட்டில் முதலடி வைத்திருக்கிறதாம்.

அன்று காலை டிரெய்லர் வந்து நின்றது. கன்றோடு மாடு இறங்கியது. மாமியார் முகத்தில், என் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

"லட்சணமான மாடுங்க மாப்ள," என்றார்.

அந்த நிமிஷத்தோடு நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

ஏனென்றால் அடுத்து வந்த காரிலிருந்து, கவிதா கூப்பிட்டிருந்த செந்தில் இறங்கினான். முந்தின நாள்தான் ஒரு தீவிலிருந்து திரும்பியிருந்தான், பூப்போட்ட சட்டை. (அது அவனுக்கு நன்றாக இருந்தது என்பது தனி எரிச்சல்.) நேரே மாட்டிடம் போய் நெற்றியைத் தடவினான், தாடையைத் தூக்கிப் பல்லைப் பார்த்தான். "எளசுதானுங்கம்மா. ரெண்டாவது ஈத்தா இருக்கும்," என்றான் மாமியாரிடம். அவ்வளவுதான். மாமியார், பிரபு, கவிதா எல்லோரும் அவனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தீவு எப்படி, கடல் எப்படி, அங்கே என்ன சாப்பாடு என்று ஒரே விசாரணை. ஊரெல்லாம் அலைந்து மாட்டைப் பிடித்தவன் மாலைத் தட்டோடு ஓரமாக நின்றேன்.

வயிறு பற்றி எரிந்தது. அப்போது பார்த்து எனக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. வெளிநாட்டில் பண்ணைக்குள் போய் வந்தவர்கள் சில நாட்களுக்கு இங்குள்ள மாடுகளின் பக்கம் போகக் கூடாது. செருப்பிலும் துணியிலும் நோய்க்கிருமி ஒட்டிக்கொண்டு வரலாம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது.

"செந்தில், மாட்ட விட்டுத் தள்ளி நில்லுப்பா," என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "நேத்துதான தீவுல இருந்து வந்த? உன் ஷூல ஃபுட் அண்ட் மவுத் ஒட்டிட்டு வந்திருந்தா?"

பேசியது தமிழ்தான். கோமாரி என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நோயின் பெயரை இங்கிலீஷில் சொன்னால்தானே நிபுணன் மாதிரி இருக்கும்? மாடு வளர்க்கிற டெக்ஸாஸ்காரர் எதிரில் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாத பெயர் அது. டேவ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்டே வந்தார். என்ன சொன்னாய், யார் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், என் வேலையைப் பற்றி ஒரு மனிதர் அக்கறையாகக் கேட்டது அதுவரை நடந்ததே இல்லை. போனில் என் வரைபடத்தைத் திறந்தேன். செந்தில் போய் வந்த தீவைக் காட்டினேன். சிவப்பு வட்டங்களைப் பெரிதாக்கினேன். கிருமி எப்படிப் பரவும், வந்துவிட்டால் மந்தையையே எப்படி அழிக்க வேண்டிவரும் என்று விளக்கினேன். அத்தனை கோவையாக நான் எந்த மீட்டிங்கிலும் பேசியதில்லை. டேவ் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். பிறகு தொப்பியை மாட்டினார். கன்றை ஏற்றினார். மாட்டை ஏற்றினார். டிரெய்லர் கதவைச் சாத்தினார்.

"ஏனுங் மாப்ள, மாடு எங்கீங்க போவுது?" என்றார் மாமியார்.

செந்தில் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "நான் எந்தப் பண்ணைக்குங்ணா போனேன்? காலைலருந்து ராத்திரி வரைக்கும் ஹோட்டல் மீட்டிங் ரூம்ல டிரெய்னிங். வெளிய தலை காட்டலீங்க."

"அப்ப அந்தக் கடல் போட்டோ?"

"ஏர்போர்ட்ல இருந்து போறப்ப டாக்ஸிய நிறுத்தி எடுத்ததுங்ணா. எப்பவும் அப்படித்தான்."

"அந்தச் செவப்பு வட்டம்?"

"அது கோழிக்கு வர்ற வெள்ளைக்கழிச்சலுங்ணா. நீங்கதான கலர் குடுத்தீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அங்க எல்லாரும் உங்க மேப்பப் பத்தியேதான் கேட்டாங்க. அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிவுட்டாங்க," என்றான்.

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

பிரபு பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிரக்கின் பின்னால் ஓடினார். அது தெருமுனை திரும்பி மறைந்தது. ஐயர் கடிகாரத்தைக் காட்டினார். "முகூர்த்தம் முடியப் போறது. யாராவது முன்னாடி போங்கோ." யாரும் அசையவில்லை. மாடு நுழையாமல் நுழைய மாட்டேன் என்றவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஈரோட்டுச் சொந்தம் மொத்தமும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தது. கவிதா என்னைத் திட்டவில்லை. நான் தட்டிலிருந்த மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மாமியார் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். அதிலிருந்த மாலையை எடுத்தார்.

"குனிங்க மாப்ள."

குனிந்தேன். கழுத்தில் மாலை விழுந்தது. நெற்றியில் மஞ்சள் பூசி, அதன்மேல் அகலமாகக் குங்குமம் வைத்தார்.

"மாட்ட வெரட்டுனவரே முன்னால போகட்டும். வலது கால வெச்சுப் போங்க."

மாட்டுக்காகக் கார்ப்பெட்டின் மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பில் நான் நடந்தேன். ஸ்பீக்கரில் நாதஸ்வரம். எனக்குப் பின்னால் சாமிப் படம், பால் குடம், பிரபு, குடும்பம். சமையலறை வரை போய்த் திரும்பியபோது யாரோ ஒரு ஆன்ட்டி, கையில் தயாராக வைத்திருந்த வாழைப்பழத்தைப் பழக்கத்தில் என் வாய்க்கு நேரே நீட்டினார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் வாங்கிக்கொண்டேன். வீடியோவில் அதுவும் பதிவாகியிருக்கிறது.

அதற்கப்புறம் எங்கள் சொந்தத்தில் யார் வீடு வாங்கினாலும் எனக்குத்தான் முதல் போன். மாடு கிடைக்கவில்லை, தேதி சொன்னால் வந்துவிடுவீர்களா என்று சிரிக்காமல் கேட்பார்கள். கோயமுத்தூரில் நான் பார்த்தேயிராத ஒரு சித்தப்பாகூடக் கேட்டுவிட்டார்.

போன மாதம் செந்தில் பக்கத்து ஊரான ஆலனில் வீடு வாங்கினான். என் வீட்டைவிடப் பெரியது. (விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.) மாடு டேவுடையது; செந்தில் நேரில் போய் அவரைச் சமாதானப்படுத்தியிருந்தான். என்னைக் கண்டதும் டேவ் எதிர்ச்சாரியை நோக்கி விரலை நீட்டினார். நான் ரோட்டைத் தாண்டிப் போய், யாரோ ஒருவருடைய தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால், மாடு கழுத்தில் மாலையோடு, அவசரமே இல்லாமல் படியேறி உள்ளே போகிறது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கார், வீடு, கடல் எல்லாவற்றுக்கும் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு மாட்டின் மேல் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான்.

கவிதா ரோட்டைத் தாண்டி வந்து போனை என்னிடம் நீட்டினாள். ஈரோட்டில் மாமியார் எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன இருந்தாலும் உங்க நடை வராதுங்க மாப்ள," என்றார்.